கணக்கு என்னும் ஒரே சொல்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

ஐந்தாம் படிவ முடிவில் மாணவர்கள் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவுகள் வந்த சில நாள்களுக்குள், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவது ஆண்டுதோறும் வழக்கமாகிவிட்டது. நான் கணக்காளராக வேலை செய்கிறவள் என்பதால் அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது, கணிதம் எடுக்கச் சொல்லலாமா, கணக்கியல் எடுக்கச் சொல்லலாமா?" நான் பதில் சொல்லுமுன் அப்பாவே முடிவையும் சொல்லிவிடுவார்: கணிதம் படித்தால் ஆசிரியர் வேலையைத் தவிர வேறு வழியில்லை, கணக்கியல் படித்தால் எங்காவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துவிடலாம். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், படிக்கும்போதே சம்பளத்துடன் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்பதை அந்தப் பிள்ளையிடம் யாரும் சொன்னதில்லை. இன்று அதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

பள்ளியில் படிக்கும் பாடமும் கணக்கு, மளிகைக் கடையில் எழுதி வைக்கும் பற்று வரவும் கணக்கு என்று நம் மொழி இரண்டுக்கும் ஒரு சொல்லையே வைத்திருக்கிறது. வரலாறும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்றை எழுதி இரு பக்கமும் சரியாகிறதா என்று பார்க்கும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பாச்சோலி என்ற துறவி. அவர் ஒரு கணித ஆசிரியர். 1494-இல் வெனிஸ் நகரில் வெளிவந்த அவருடைய கணித நூலின் ஒரு பகுதியாகவே அந்த விளக்கம் அமைந்திருந்தது. இவை தனித்தனித் துறைகளானதெல்லாம் பின்னாளில் நடந்தது.

என் தந்தையார் இவ்வூரை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெட்டு முடிந்து பால் ஸ்டோரில் வரிசையில் நிற்கும்போது தோட்டத்து எழுத்தரான கிராணியார் செய்த வேலை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் பாலை நிறுப்பார். பிறகு சிறிதளவு பாலைத் தண்ணீரில் கலந்து மெட்ரோலாக் என்ற கருவியை அதில் மிதக்கவிட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்று பார்ப்பார். கூலி அந்த உலர்ந்த ரப்பரின் எடையைப் பொறுத்தது. 24 கிலோ பாலில் 32 விழுக்காடு என்றால் 7.68 கிலோ, அதையே 30 விழுக்காடு என்று படித்துவிட்டால் 7.2 கிலோ. நாளொன்றுக்கு அரைக் கிலோ அளவு வேறுபாடு, மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 12 கிலோவுக்கு மேல் போய்விடும். எங்கள் தோட்டத்தில் அந்த விழுக்காடு எப்போதும் குறைத்தே படிக்கப்பட்டது. தந்தையார் அதை 555 என்ற சிறு குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் குறித்து வந்தார். அளவீட்டில் ஒரே பக்கமாகச் சாயும் பிழை என்பது கணிதம். அது செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏறிக் கூலியாக மாறுவது கணக்கியல். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவரால் அந்த இழப்பை எடுத்துக்காட்ட முடியாது. என் தந்தையாருக்கு இரண்டுமே கொஞ்சம் தெரிந்திருந்தது. கேட்கத்தான் அவருக்கு இடமில்லை.

இப்போது ரப்பர் குறைந்து எங்கு பார்த்தாலும் செம்பனை. ஒரு செம்பனை ஆலைக்கு ஓராண்டில் 40,000 லாரி எடைச் சீட்டுகள் வருவதாக வைத்துக்கொள்வோம். கணக்காய்வுக்குப் போகிறவர் அத்தனையையும் படிக்க முடியாது, சிலவற்றை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எத்தனை எடுப்பது? நூற்றுக்கு ஐந்து சீட்டு தவறாக இருக்கும் ஒரு குவியலில், எடுக்கும் ஒரு சீட்டு சரியாக இருக்கும் வாய்ப்பு 0.95. அந்த 0.95-ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டே போனால், எடுத்த சீட்டுகள் எல்லாமே சரியாக இருக்கும் வாய்ப்பு வரும்; 58 சீட்டுக்கு அந்த விடை 0.05-க்குச் சற்று மேலே நிற்கும், 59-ஆம் சீட்டில் அதற்குக் கீழே இறங்கும். ஆகவே குருட்டாம்போக்கில் எடுத்த 59 சீட்டிலும் ஒரு தவறுகூட இல்லையென்றால், மொத்தத்தில் தவறு நூற்றுக்கு ஐந்தை எட்டவில்லை என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லலாம். பள்ளியில் படிக்கும் நிகழ்தகவுப் பாடம் இதற்குப் போதும். ஆனால் எந்தச் சீட்டைத் தவறு என்று சொல்வது? லாரியின் நிறை எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தார்களா, பழுக்காத குலைகளுக்குப் பிடித்தம் செய்தார்களா, அந்தத் தொகை சரியான மாதத்தின் ஏட்டில் ஏறியதா என்பதெல்லாம் கணக்கியல் படித்தவருக்கே தெரியும்.

நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனை நட்டு மூன்று ஆண்டுகள் அளவில் காய்க்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ 25 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். 2016-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் கணக்கியல் திருத்தத்தின்படி, காய்க்கும் மரத்தை ஓர் இயந்திரத்தைப் போலக் கருதி, அதற்கான செலவை அது பலன் தரும் ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பகிர்ந்துவிடலாம். ஆனால் மரத்தில் தொங்கும் குலையை, விற்கும் செலவு போக, அன்றைய நியாய விலைக்கு மதிப்பிட வேண்டும். இன்னும் அறுக்காத பழத்துக்கு இன்று ஒரு விலை சொல்ல வேண்டும் என்றால் அதற்குள் எத்தனை கணிதம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மறுநடவு செய்வதா, இன்னும் இரண்டு ஆண்டு விட்டுப் பார்ப்பதா என்று தீர்மானிப்பதும் அப்படித்தான். ஐந்தாண்டு கழித்து வரப்போகும் 1,000 ரிங்கிட், ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டிக் கணக்கில், இன்றைக்கு 783 ரிங்கிட் 53 சென்னுக்குத்தான் சமம். இதை எழுதிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளையைப் பார்த்து, கணிதம் படித்தால் பிழைக்க முடியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் இடங்களில் நன்கு அறியப்பட்டது கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகம். படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் முறை அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906-இல் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கியது; 1957-இல் பிறந்த வாட்டர்லூ தொடக்கத்திலிருந்தே அதைத் தன் அடிப்படையாக வைத்துக்கொண்டது. அங்கே 1967 முதல் கணிதத்துக்கென்றே தனிப் புலம் ஒன்று உண்டு. அப்புலத்தில் கணிதமும் பட்டயக் கணக்கியலும் சேர்ந்த படிப்பில் சேரும் மாணவர், நுண்கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றோடு நிதிக் கணக்கியல், கணக்காய்வு, வரி ஆகியவற்றையும் படித்துக் கணித இளங்கலைப் பட்டமே பெறுகிறார். ஆண்டு நான்கு நான்கு மாதங்களாக மூன்று பருவமாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பருவம் வகுப்பறை என்றால் இன்னொரு பருவம் வேலை. அந்த வேலைக்கு மாணவர் விண்ணப்பம் எழுதி, நேர்காணலுக்குப் போய், பிற விண்ணப்பதாரர்களோடு போட்டியிட்டு இடம் பெற வேண்டும். நிறுவனம் சம்பளம் கொடுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான பருவம் இதற்கு மிகவும் பொருத்தமானது, ஏனெனில் டிசம்பர் 31-இல் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நிறுவனங்களின் கணக்காய்வு அந்த மாதங்களில்தான் மும்முரமாக நடக்கும், ஆள் தேவைப்படும். படிப்பு முடிய நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது சம்பளம் மட்டும் அன்று, திரும்பி வருவது. நான்கு மாதம் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணிவிட்டு வரும் மாணவி, அடுத்த பருவத்தில் மாதிரியெடுப்புப் பாடத்தைக் கேட்கும்போது அதை வேறு விதமாகக் கேட்பாள். நாங்கள் படித்த காலத்தில் தொழிற்பயிற்சி என்பது கடைசி ஆண்டில் ஒரே ஒரு முறை வருவது. என்னை ஏற்றுக்கொண்ட கணக்காய்வு அலுவலகம் அந்த மாதங்கள் முழுவதும் எனக்குக் கொடுத்த வேலை, கோப்புகளை நகலெடுப்பதும் தபாலுக்குப் போய் வருவதும்தான். ஊதியமாக ஒரு சென் கிடையாது. பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் என் தாயார் ரப்பர் மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கிச் சேர்த்த பணத்திலிருந்து போயின. கற்றுக்கொள்ளாத ஒரு காலத்துக்கு அவர் பணம் கட்டினார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. சம்பளம் கொடுக்கும் நிறுவனம், கொடுத்த பணத்துக்கு வேலை வாங்க வேண்டும் என்பதற்காகவாவது உண்மையான வேலையைக் கையில் கொடுக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் கனடாவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்குரிய கட்டணம் நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, வேலைப் பருவத்தின் சம்பளம் அதை முழுவதும் ஈடுகட்டும் என்று நம்பி வீட்டை அடகு வைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே இரண்டு ஆண்டு பல்கலைக்கழகம், இரண்டு ஆண்டு தொழில்துறை என்று பொருள்படும் 2யூ2ஐ முறையில் சில பட்டப்படிப்புகள் நடக்கின்றன. ஏசிசிஏ என்ற அனைத்துலகக் கணக்காளர் தேர்வின் 13 தாள்களை எழுதுகிறவர்களும் 36 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும். 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெறவும் மூன்றாண்டு அனுபவம் தேவை. எப்படிப் போனாலும் வேலை அனுபவம் இல்லாமல் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாது. அது படிப்போடு சேர்ந்து வந்தால் நல்லது என்பதுதான் என் வாதம்.

நான்காம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் கூடுதல் கணிதத்தையும் கணக்கியலையும் சேர்த்தே எடுக்கப் பாருங்கள். இரண்டும் ஒரே வகுப்புப் பிரிவில் இல்லை என்று பள்ளியில் சொன்னால், பெற்றோர் ஒரு முறையாவது நேரில் போய்த் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பல்கலைக்கழக இடம் கிடைத்த பிறகு, பணியிடப் பயிற்சி எத்தனை மாதம், எத்தனை தடவை, உதவித்தொகை எவ்வளவு, அங்கே பிள்ளையின் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடப் போகிறவர் தகுதி பெற்ற கணக்காளர்தானா என்று எழுத்தில் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளின் தாய்மாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சி இடம் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ கிடைக்கும், அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். தனியே விட மனம் வராமல், இங்கேயே பக்கத்தில் ஏதாவது கடையில் பயிற்சியை முடித்துக்கொள் என்று சொல்லிவிடுகிறோம்; முத்திரை குத்திய ஒரு கடிதத்தோடு அந்த மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அனுப்புமுன் நீங்களே ஒரு நாள் ரயிலில் கூடப் போய் அறையைப் பாருங்கள், அலுவலகத்தைப் பாருங்கள், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த உதவித்தொகை போதுமா என்று பிள்ளையையே ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். போதவில்லையென்றால் எவ்வளவு குறைகிறது என்பது அதில் தெரிந்துவிடும், அந்தத் தொகையைத் தேடுவது பிறகு நம் வேலை.

நன்றி, வணக்கம்.