தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேட்டட் கம்யூனிட்டியில், அதாவது சுற்றுச்சுவரும் காவலும் உள்ள குடியிருப்பு நகரில், மனை தேடுகிறவர்கள் பெரும்பாலும் தரகர் மூலமாகத்தான் போகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அவரிடம் முதலில் கேளுங்கள்: "அண்ணே, உங்களுக்குக் கமிஷன் யார் தருவது?" நிலத்தை மனைகளாகப் பிரித்து நகர் போட்டவர் தருகிறார் என்றால், தரகர் அந்தப் பக்கத்து ஆள். மரியாதையாகப் பழகுங்கள், பத்திரங்களை மட்டும் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

2016-இல் வந்த ரெரா சட்டப்படி, அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைத் திட்டம் பொதுவாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுத்தரும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு எண்களையும் வாங்கி, ரெரா இணையதளத்தில் சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை. அட்வான்ஸைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். விற்பவர் கணக்குக்கே அனுப்பி ரசீது வாங்குங்கள்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல், பங்காளிகள். நகராக மாறும் நிலம் பல நேரம் கூட்டுச் சொத்து. ஒரு பங்குக்காரர் மலேசியாவில் இருப்பார், இன்னொருவர் சென்னையில். "பவர் இருக்கு சார்" என்பார் தரகர். பவர் என்றால், தனக்காக விற்க இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் பத்திரம். பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. எல்லாப் பங்குக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பதை மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் சொல்ல முடியும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். நிலத்தின் கதையை மூன்று தலைமுறைக்குச் சொல்லும் பழைய தரகர்கள் இங்கே உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் கமிஷனில் பேரம் பேசாதீர்கள்.

அப்புறம், தண்ணீர். செட்டிநாட்டுப் பழைய ஊர்களில் தெருவை நேர்கோட்டில் போட்டு, மழைநீரை ஊரணிக்குத் திருப்பினார்கள். புது நகர்களில் அலங்கார வளைவு முதலில் வந்துவிடுகிறது. கண்மாய்க்குப் போகும் வரத்துக் கால்வாய் மனைகளுக்குள் போகிறதா என்று நில அளவைத் துறையின் புல வரைபடத்தில் பாருங்கள். தரகர் கோடையில்தான் கூட்டிப்போவார். நீங்கள் ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் தனியாக ஒருமுறை போய்வாருங்கள்.

வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் நகலையும் தரகரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுக்காத பூங்கா, பிற்பாடு மனையாக விற்பனைக்கு வரலாம். உள்சாலைக்கும் காவலாளிக்கும் மாதாமாதம் யார், எவ்வளவு கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.