முகட்டிலிருந்து இறங்கிய கூரை

(கிளிநொச்சியில் உயர்தரச் சித்திர மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

கட்டடக்கலை வரலாறு என்றதும் பிள்ளைகள் நேரே எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் போய்விடுகிறீர்கள். நல்லது, போங்கள். போகிற வழியில் அம்மம்மாவின் பழைய குசினியை ஒருக்கால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மாரி தொடங்க முன்னம் அப்பு கூரை வேய்வார். பனைமட்டை நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கட்டுவார். காய்ந்த நார் முறிந்துவிடும். ஊறிய நாரோ கட்டிய பிறகு காயக் காய இறுகும். கூரையின் கீழ் விளிம்பான தாவாரத்தில் முதல் வரிசைக் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, அதன்மேல் அடுத்தது, முகட்டில் கடைசி. மேல் கிடுகில் வடியும் தண்ணீர் கீழ்க் கிடுகின் முதுகில் விழவேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்குப் பிழைத்தால் இரவில் சட்டி வைத்து ஒழுக்கு ஏந்தவேண்டியதுதான்.

இனி மாமல்லபுரம் போவோம். அங்கே திரௌபதி ரதம் நிற்கிறது, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. பெயர்தான் ரதம், பார்த்தால் குடில். நாலு பக்கமும் வளைந்து சரிகிற கூரை, உள்ளே துர்க்கை. முழுவதும் ஒரே பாறை. ஒழுக்குக்குப் பயப்படாத பாறைக்கு ஓலைக் கூரையின் சரிவு எதற்கு? தெய்வத்துக்கு வீடு என்றதும் அந்தச் சிற்பியின் மனதில் வந்தது ஓலைக் குடில். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பு தாவாரத்திலிருந்து முகட்டுக்கு ஏறினார். பாறையைக் குடைந்தவர்கள் முகட்டிலிருந்து கீழே இறங்கினார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் இது கண்ணுக்கு நேரே தெரியும்: மேலே விமானம் நுணுக்கமாக முடிந்திருக்கிறது, அடிப்பாகம் செதுக்கி முடியாத பாறையாகவே கிடக்கிறது.

பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் ஒரு கல்வெட்டு வைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்வித்தேன் என்கிறான். அதைப் பெருமையாகச் சொல்லவேண்டியிருந்தது என்றால், அதுவரை கோயில்கள் எதனால் எழுந்தன என்று விளங்குகிறதல்லவா? அவை உக்கிப் போயின; அவற்றின் சாயல்தான் கல்லில் தங்கிவிட்டது.

கிரேக்கத்திலும் இதே கதைதான். ஒலிம்பியாவில் ஹேரா என்ற பெண் தெய்வத்தின் கோயிலில் தூண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. முதலில் நின்ற மரத் தூண்களை ஒவ்வொன்றாக, வேறு வேறு காலங்களில் கல்லாக மாற்றியிருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயணி பௌசானியாஸ், ஒரு ஓக் மரத் தூண் அப்போதும் நின்றதாக எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒற்றை மரத் தூணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகிவிடும்.

ஜப்பானியர் இசே என்ற ஊரில் உள்ள தங்கள் பழைய கோயிலில் கல்லுக்குப் போகவே இல்லை. அதை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் அதே அளவில், அதே புல்கூரையோடு புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். மூத்த தச்சரின் கையைப் பார்த்து இளையவர் பழகுவதால் கோயிலோடு வேலையும் பிழைத்துக் கொள்கிறது.

நம் வன்னியில் அந்தக் கை அறுந்துகொண்டு வருகிறது. இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் தகரத்துக்கும் ஓட்டுக்கும் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறையானோடும் நெருப்போடும் ஆண்டாண்டாக மல்லுக்கட்ட யாரால் முடியும்? ஆனால் உள்ளூரில் இன்னும் ஒரு மண்குசினியோ மாட்டுக் கொட்டிலோ நிற்கும். இந்த விடுமுறைக்கு ஒரு அளவு நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். கூரையைத் தாங்கும் கப்புக்குக் கப்பு எத்தனை அடி, தாவாரம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், என்ன மரம் என்று எழுதுங்கள். வேய்ந்தவர் உயிரோடு இருந்தால் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாரை ஊறப்போட மறக்கவேண்டாம்.