தி.நகரில் நீங்கள் புடவை வாங்கியது ஒரு ஏரிக்குள்ளே!

(திரையில்: ரங்கநாதன் தெரு, ஞாயிறு மாலைக் கூட்டம்)

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெரு வழியாகப் பனகல் பார்க் வரைக்கும் நடந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் ஓர் ஏரியை நடந்தே கடந்திருக்கிறீர்கள். தலைப்புக்காகச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே தண்ணீர்தான் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் லாங் டேங்க். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. அதன் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு போனது. அந்த ஏரியில் படகுப் போட்டி எல்லாம் நடந்திருக்கிறது! சாட்சி வேண்டுமா? மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் ஒரு தெருவின் பெயர் லேக் வியூ ரோடு. அங்கே நின்று பார்த்தால் கட்டடங்கள்தான் தெரியும், ஏரி தெரியாது. ஆனால் பெயர் மட்டும் ஏரியை விடவில்லை. நுங்கம்பாக்கம் பக்கம் வந்தால், வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரி நிலத்தில்தான்.

சரி, ஏரி எப்படி ஊரானது? சென்னையில் வீடுகள் போதவில்லை. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் 1925 வரை ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, நடுவில் பூங்கா வைத்தார்கள். அவ்வளவுதான்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: தி.நகர் வரைபடம், தெருப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன)

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. 1916-இல் அந்தக் கட்சிக்கு அடித்தளம் போட்ட மூவர் யார்? பிட்டி தியாகராயர், டாக்டர் டி.எம்.நாயர், டாக்டர் நடேசனார். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். தியாகராயர் பெயரில் ஊரே இருக்கிறது, தி.நகர் என்றால் தியாகராய நகர்தானே. நாயர் பெயரில் சாலை, நடேசனார் பெயரில் பூங்கா. ஊருக்கு நடுவே பனகல் பார்க். பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதலமைச்சர். உஸ்மான் ரோடு? அது முகமது உஸ்மான், 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர். பாண்டி பஜாரின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார்தான் அவர். ஒரு கட்சியின் வரலாற்றைப் புத்தகம் இல்லாமல் பஸ் நிறுத்தப் பெயர்களை வைத்தே படித்துவிடலாம்!

இதில் தியாகராயர் கதை இன்னும் அழகு. 1920 தேர்தலில் ஜெயித்த பிறகு முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எப்போதும் வெள்ளை உடை என்பதால் 'வெள்ளுடை வேந்தர்' என்று பெயர். அவருடையது நெசவுத் தொழிலில் இருந்த குடும்பம். அவரே தறி வைத்து நெசவுக்கூடம் நடத்தியவர். 1925-இல் காலமானார். மூன்றே வருடத்தில், 1928-இல், காஞ்சிபுரத்திலிருந்து வந்த நல்லி சின்னசாமி செட்டியார் அவர் பெயர் கொண்ட ஊரில் பட்டுக்கடை திறக்கிறார். கல்யாணப் பட்டு என்றாலே தி.நகர் என்று தமிழ்நாடே கிளம்பி வருகிறதே, அந்த ஊருக்கு ஒரு நெசவாளியின் பெயர்! யாரும் திட்டமிட்டு வைத்த பொருத்தம் இல்லை இது. எனக்கு நினைக்க நினைக்கச் சந்தோஷம்.

அப்புறம் ரங்கநாதன் தெரு. ஒரு குடியிருப்புப் பேட்டையில் இவ்வளவு கடைகள் ஏன்? காரணம் ரயில். 1931-இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் உஸ்மான் ரோடு, பஸ். நடுவில் இருந்த சந்து இதுதான். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை, போகிற வழியிலேயே கடை. கூட்டம் ஏற்கெனவே இருந்தது, வியாபாரம் பின்னால் வந்தது. தென் மாவட்டத்திலிருந்து வந்த சகோதரர்கள் பாத்திர வியாபாரத்தில் தொடங்கி வளர்த்த சரவணா ஸ்டோர்ஸ், அந்தக் கூட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டது. ஒரு பொருளில் லாபம் குறைவு, ஆனால் விற்பது மலைபோல. இடம் அகலவாக்கில் கிடைக்காததால் கடைகள் மாடி மாடியாக மேலே ஏறின.

2023-இல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை வந்தது. இப்போது தெருவில் கால் வைக்காமலே போய்விடலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்கத்தான் பிடிக்கும்.

(திரையில்: 2021 நவம்பர், தி.நகர் தெருக்களில் மழைநீர்)

2021 நவம்பர் மழையில் தி.நகர் மூழ்கியது நினைவிருக்கிறதா? "இவ்வளவு பெரிய கடைத்தெருவில் இவ்வளவு தண்ணீரா" என்று எல்லோரும் கேட்டார்கள். ஏரி இருந்த பள்ளம் அல்லவா! மாம்பலம் கால்வாய்தான் இன்றைக்கும் இங்கிருந்து அடையாற்றுக்குத் தண்ணீரை எடுத்துப் போகிறது. அது அடைத்தால் தெருதான் ஏரி. அந்த ஆகாய நடைபாதையில் "இங்கே ஓர் ஏரி இருந்தது" என்று ஒரு பலகை, பழைய வரைபடத்தோடு வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியின் கல்யாணப் புடவை தி.நகரில் எடுத்ததா? அந்தக் காலத்து பில், மஞ்சள் பை, கடை வாசலில் எடுத்த போட்டோ, எது இருந்தாலும் எங்களுக்கு அனுப்புங்கள். எந்த வருடம் என்று மறக்காமல் கேட்டு எழுதுங்கள். அடுத்த வீடியோவை அந்தப் படங்களை வைத்தே தொடங்குகிறேன்.