சப்பாத்தியை எடுத்துவிட்டால் தட்டில் என்ன வரும்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு அடுப்படியில் நின்றபடியே பேசப் போகிறேன். ராத்திரிச் சாப்பாட்டைச் செய்துகொண்டே பேசினால் எனக்கும் வேலை முடியும், நீங்களும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் குக்கர் விசில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது மாமியாருக்கும் பசங்களுக்கும் வைத்த சோறு. இந்த வீட்டில் கோதுமையை விட்டு, மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் டயட் எனக்கு மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். "அக்கா, கோதுமையைச் சுத்தமா விட்டுட்டேன், ஆனா எடை அப்படியே நிக்குது" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். விட்டீர்கள் சரி, அந்த இடத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

முதலில் இந்தத் தராசைப் பாருங்கள். கேமராவை இறக்குகிறேன். தெரிகிறதா? பசங்களுக்குப் பிசைந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை எடுத்து வைக்கிறேன். 48 கிராம். தண்ணீரைக் கழித்தால் இதில் மாவு 30 கிராம் இருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கோதுமை மாவில் மாவுச்சத்து ஏறக்குறைய 64 கிராம். அப்படியானால் இந்த ஒரு உருண்டையில் 19 கிராம். ராத்திரி யாரும் ஒரு சப்பாத்தியோடு எழுந்திருப்பதில்லை. மூன்று வைத்துக்கொள்ளுங்கள், 57 கிராம் ஆகிவிட்டது.

இப்போது உருண்டையை எடுத்துவிட்டுச் சோறு வைக்கிறேன். 200 கிராம். தட்டில் பரப்பினால் இவ்வளவு வருகிறது, அப்படி ஒன்றும் குறைவில்லை. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் இதில் 56. பார்த்தீர்களா? "சோறு வேணாம், ரெண்டு சப்பாத்தி போதும்" என்று ஆரம்பித்து மூன்றில் முடிப்பவர்களும், இந்தத் தட்டுச் சோறு சாப்பிடுபவர்களும் மாவுச்சத்தில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். சப்பாத்தியில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடை குறைக்க அது போதாது.

நானாகச் சொல்லும் கணக்கு என்று நினைக்காதீர்கள். சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய 'இண்டியாப்' என்ற சர்க்கரை நோய் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்து, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்ற புரதமாக மாற்றினால் அபாயம் குறைவு என்றும் வந்திருக்கிறது. அது எடைக்கான ஆய்வு இல்லை, நோய் அபாயத்துக்கான ஆய்வு. இருந்தாலும் தட்டைப் பார்க்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

62 சதவீதம் என்றால் எவ்வளவு? ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 310 கிராம். 130 கிராமுக்குக் கீழே வந்தால்தான் பொதுவாக 'லோ கார்ப்', அதாவது மாவுச்சத்து குறைந்த சாப்பாடு என்பார்கள். 50க்குக் கீழே போனால் கீட்டோ. நான் கீட்டோ ஆள் இல்லை. நாளைக்கு 80, 100 கிராம் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். வெயில் காலத்தில் மாம்பழத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் இல்லையா?

சரி, கோதுமையை விட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? காலையில் இடியாப்பம், மத்தியானம் சோறு, சாயந்திரம் கேழ்வரகு அடை, ராத்திரி தினை உப்புமா. கேட்டால் "எல்லாம் பாரம்பரியம் அக்கா" என்பார்கள். பாரம்பரியம்தான். அதே அட்டவணையில் கேழ்வரகைத் தேடிப் பாருங்கள். 100 கிராமுக்குச் சுமார் 67 கிராம், கோதுமை மாவை விட ஒரு பிடி கூடவே இருக்கிறது. கேழ்வரகில் கால்சியம் ஏராளம், நல்ல தானியம், பசங்களுக்கு நானே கூழ் காய்ச்சுகிறேன். ஆனால் கோதுமைக்குப் பதில் கேழ்வரகு என்பது லோ கார்ப் ஆகாது.

கடையில் 'குளூட்டன் ஃப்ரீ', அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாதது என்று போட்ட பிஸ்கட்டும் அப்படித்தான். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், சர்க்கரை. சீலியாக் என்பது குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய், அது உள்ளவர்களுக்குக் குளூட்டன் துளிகூட ஆகாது, அவர்களுக்கு அது மருந்து மாதிரி. அந்த நோய் வட இந்தியாவில் இருக்கும் அளவுக்கு நம் பக்கம் இல்லை. சந்தேகம் இருந்தால் கோதுமையை விடுவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். விட்ட பிறகு செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

"அப்போ நீங்க எதுக்குக் கோதுமையை விட்டீங்க?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

கோதுமை தனியாக வருவதில்லை, அதுதான் காரணம். டீக்கடைக் கண்ணாடி அலமாரியை ஒரு தடவை மனதில் கொண்டு வாருங்கள். பன், வர்க்கி, பஃப்ஸ், சமோசா, தேங்காய் பிஸ்கட், கேக். எல்லாம் மைதா. ராத்திரி ரோட்டோரம் பரோட்டா, ஓட்டலில் ரவா தோசை. சோற்றை நாம் வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறோம், இதெல்லாம் வேளை இல்லாத வேளையில் உள்ளே போகிறது. சோறு எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், நேற்று எத்தனை பிஸ்கட் என்று கேட்டால் முழிப்பார்கள். கோதுமை கிடையாது என்று ஒரே கோடு போட்டபோது எனக்கு அந்த அலமாரி முழுக்க மூடிவிட்டது. ஒவ்வொன்றாக 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று மனதோடு பஞ்சாயத்து பண்ண வேண்டியதில்லை. எனக்கு இந்த விதியால் கிடைத்த லாபம் அவ்வளவுதான். கோதுமை விஷம் என்று பயமுறுத்தும் வீடியோக்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் இது. இதோ, பெருங்காயம். பின்பக்கம் படிக்கிறேன். வேலம் பிசின், அடுத்தது கோதுமை மாவு. ஆச்சரியமாக இருக்கிறதா? கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்ப்பது வழக்கம்தான். ஒரு சிட்டிகையில் எடை ஏறாது, எடைக்காக டயட் இருப்பவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். சீலியாக் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும். சோயா சாஸிலும் கோதுமை இருக்கும். நாம் பார்க்க வேண்டியது 'ராகி பிஸ்கட்', 'ஓட்ஸ் பிஸ்கட்', 'மல்டிகிரெய்ன்' பிரெட் வகையறா. பொருள்களின் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்று இருந்தால் அது மைதா பிஸ்கட், ராகி பெயருக்குத்தான்.

வாங்க, அடுப்பைப் பற்ற வைக்கலாம். இன்றைக்குக் காலிஃபிளவர் தயிர்சாதம், தொட்டுக்கொள்ளப் புடலங்காய் முட்டைப் பொடிமாஸ். தயிர்சாதம் என்று சொன்னால் தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், என்ன செய்ய.

காந்தி மார்க்கெட்டில் வாங்கிய பூ இது. மஞ்சள் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து, துணியில் ஒற்றி நன்றாகக் காய வைத்திருக்கிறேன். ஈரம் இருந்தால் கூழாகிவிடும். தேங்காய்த் துருவல் போல் பெரிய பல்லில் துருவுகிறேன். மிக்ஸியில் போட்டால் ஒரு சுற்று, அவ்வளவுதான், இரண்டாவது சுற்றில் சட்னி. வாயகன்ற வாணலி, ஒரு ஸ்பூன் நெய், துருவலைப் பரப்பிவிட்டு நான்கு நிமிடம் திறந்தே வதக்குங்கள். மூடி போடாதீர்கள், ஆவி இறங்கித் தண்ணீர் விடும். உப்பும் கடைசியில்தான். கேளுங்கள் இந்தச் சத்தத்தை, சடசடவென்று வருகிறது பாருங்கள், இந்தச் சத்தம் இருக்கிற வரை தண்ணீர் விடவில்லை என்று அர்த்தம். பச்சை வாடை போனதும் இறக்கி ஆற வைக்க வேண்டும். சூட்டில் தயிர் விட்டால் திரிந்துவிடும்.

இது ஆறட்டும், இந்தப் பக்கம் பொடிமாஸ். புடலங்காயைப் பொடியாக நறுக்கிச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு வதக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுகிறேன். ஒரு முட்டையில் புரதம் 6 கிராம் கிடைக்கும், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. சைவக்காரர்கள் பனீரை உதிர்த்துப் போடுங்கள். காய்களில் புடலை, பீர்க்கு, சுரை, வெண்பூசணி, கோவைக்காய், வாழைத்தண்டு, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வாழைக்காய், உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி இவற்றைத் தள்ளி வையுங்கள். சட்னியில் பொட்டுக்கடலையை அள்ளிப் போடுவதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முதல் வாரம் எடை மெஷின் சர்ரென்று இறங்கும், துள்ளிக் குதிக்காதீர்கள். உடம்பு சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறும். அது கொழுப்பு இல்லை, தண்ணீர். அந்தத் தண்ணீரோடு உப்பும் போகிறது. தலைவலி, அசதி, ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பது எல்லாம் பெரும்பாலும் அதனால்தான். மோரில் உப்புப் போட்டுக் குடித்தால் எனக்குச் சரியானது. ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் அவர்களாகவே உப்பைக் கூட்டக் கூடாது. சீக்கிரம் எடை இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் உண்டு, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். புரதத்தைக் குறைத்துப் பட்டினி கிடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது முக்கியம், இதைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் பேசாமல் ஒரு வேளைகூட ஆரம்பிக்காதீர்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறு ஆபத்து. மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறி ஐசியு வரை போக வேண்டிவரும். பிபி மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதைத் தாங்களாக முயற்சி செய்ய வேண்டாம். சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும், அதனால் ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, சில மாதம் கழித்து ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

இது ஒன்றுதான் வழியா என்றால் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2018இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ குறைந்தது, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இது ஒத்துவருவதற்குக் காரணம், முட்டையும் தயிரும் சாப்பிட்டால் நாலு மணிக்கு வயிறு கூப்பிடுவதில்லை. உங்களுக்கு வேறு ஒன்று ஒத்துவரலாம்.

காசு விஷயத்தையும் பேசிவிடுகிறேன், யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். 2011 முதல் நம் ரேஷனில் அரிசி இலவசம். பனீரும் பாதாமும் அப்படி வருமா? தினம் நூறு பாதாம் என்று சொல்வதெல்லாம் மாதச் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். நான் வேர்க்கடலை வறுத்து வைத்துக்கொள்கிறேன். முட்டை, மத்தி, நெத்திலி, தயிர், கீரை, இவ்வளவில் மாதம் ஓடுகிறது. வெறும் பிடிவாதத்துக்காக வெளிநாட்டு அவகாடோ வாங்காதீர்கள்.

கல்யாண வீட்டில் என்ன செய்வது? இலையில் பொரியல், கூட்டு, அவியல் மூன்றையும் இரண்டு தடவை வாங்கிக்கொள்ளுங்கள், ரசத்தை டம்ளரில் கேளுங்கள். ஆனால் 'டயட்' என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து "இந்த வயசுல சாப்பிடாம எப்ப சாப்பிடப் போற, ஒரு பூரி வெச்சுக்கோ" என்று தானே எடுத்து வைத்துவிடுவார். "வயிறு சரியில்ல பெரியம்மா" என்றால் மோர் வரும். மோர் நமக்குச் சௌகரியம். ஓட்டலில் கலக்கி, ஆம்லெட், மிளகுக் கறி சொல்லுங்கள். கோபி 65ஐக் காய் என்று நம்பிவிடாதீர்கள், பூவைச் சுற்றி மைதாவும் கார்ன்ஃப்ளோரும்தான்.

சரி, பூ ஆறிவிட்டது. கெட்டித் தயிர் இரண்டு கரண்டி, உப்பு. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, மோர்மிளகாய் ஒன்று கிள்ளித் தாளித்துக் கொட்டுகிறேன். பெருங்காயமும் போடுகிறேன், கோதுமையோடு சேர்த்து! 200 கிராம் பூ, தயிர், பொடிமாஸ் எல்லாம் சேர்த்தாலும் மாவுச்சத்து 20 கிராமைத் தாண்டாது.

மாமியார் எட்டிப் பார்க்கிறார். "ஒரு வாய் பாக்குறீங்களாம்மா?" வேண்டாமாம், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தயிர் விட்டதை ரொம்ப நேரம் வைத்தால் நீர்விட்டுப் பூ வாடை தூக்கும், நான் சாப்பிடப் போகிறேன். அடுத்த வாரம் கார்ன்ஃப்ளோர் போடாமல் நெத்திலி மொறுமொறுவென்று வறுப்பது எப்படி என்று காட்டுகிறேன். வரட்டுமா, பை.