அதிரும் தகரத்தில் ஒரு மைதானம்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மேஜை மேல் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பலகை இருக்கிறது. உள்ளே வரும்போதே பிள்ளைகள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். நல்லது, தொட்டுப் பார்க்கத்தான் கொண்டுவந்தேன். என் தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்தான். இதற்குப் பெயர் எலெக்ட்ரிக் ஃபுட்பால். பலகை அதிரும், அதன் மேல் நிறுத்திய குட்டிப் பொம்மை வீரர்கள் தானாக நகர்வார்கள். அங்கே எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பட்டறையில் வேலை பார்த்தவன். திருகுகளையும் நட்டுகளையும் வரிசைப்படுத்தி மேலே ஏற்றும் கிண்ணம் ஒன்று உண்டு. வைப்ரேட்டர் என்போம். கிண்ணம் நின்ற இடத்தில் நின்று அதிரும். உள்ளே கிடக்கும் திருகுகள் எறும்புச் சாரை மாதிரி சுற்றுப்பாதையில் ஏறி வரும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த விளையாட்டு முதல் நாளே பிடித்துப்போனது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. அமெரிக்கன் ஃபுட்பால். பக்கத்துக்குப் பதினொரு பேர், நீள்வட்டப் பந்து, தலைக்கவசம், தோளில் பெரிய பட்டைகள். நம் கபடி மாதிரி ஒவ்வொரு மோதலும் தனித்தனி. இரண்டு அணியும் எதிரெதிரே வரிசை கட்டும், சைகை கிடைத்ததும் மோதும், பந்து வைத்திருப்பவன் விழுந்ததும் ஆட்டம் நிற்கும், திரும்ப வரிசை கட்டும். இப்படி விட்டுவிட்டு நடக்கும் ஆட்டமாக இருந்ததால்தான் அதைத் தகரப் பலகையில் கொண்டுவர முடிந்தது. வரிசை கட்டு, சுவிட்சைப் போடு, மோதட்டும், சுவிட்சை நிறுத்து. ஓடிக்கொண்டே இருக்கிற கால்பந்தை இந்தப் பலகையில் ஆட முடியாது.

சரி, யார் செய்தது? நியூயார்க்கில் டியூடர் மெட்டல் ப்ராடக்ட்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி. அப்பாவுக்குப் பிறகு 1948இல் அதன் பொறுப்புக்கு வந்தவர் நார்மன் சாஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர், அப்போது 23 வயது. கம்பெனியில் ஏற்கெனவே அதிரும் பலகை மேல் கார்கள் ஓடும் பந்தய விளையாட்டு ஒன்று இருந்தது. கார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும், அவ்வளவுதான். அதே பலகையில் இரண்டு கூட்டத்தை எதிரெதிரே நிறுத்தினால் என்ன என்று சாஸ் யோசித்தார். 1949இல் எலெக்ட்ரிக் ஃபுட்பால் கடைக்கு வந்தது. அதிர்வு பழசு, தகரம் பழசு. திசையை எதிரெதிராகத் திருப்பியதுதான் புதுசு. பெரிய கண்டுபிடிப்புகள் பல இப்படித்தான் அடக்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது பலகையைக் கவிழ்த்துக் காட்டுகிறேன். அடியில் ஒரு மின்காந்தம். வீட்டுக் கரன்ட் அதில் பாய்கிறது. அமெரிக்காவில் கரன்ட் நொடிக்கு 60 தடவை முன்னும் பின்னும் மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் காந்தம் இரண்டு தடவை இழுத்து விடும். ஆக நொடிக்கு 120 துடிப்பு. ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்கும். இந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்கள் முதலில் நினைத்துக்கொள்வது அந்தச் சத்தத்தைத்தான்.

இதில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. நம் வீட்டில் 230 வோல்ட். ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். வோல்ட் இறங்கிவிட்டது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர, துடிப்பை மாற்றாது. நம் கரன்ட் 50 தடவை. ஆக 100 துடிப்புதான். வீரர்கள் அரைத் தூக்கத்தில் நடப்பதுபோல் நகர்ந்தார்கள். பலகை ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது பாருங்கள். அதிர்வைக் கூட்டிக் குறைக்க அது. கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகித் திருகி, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன். வீணையில் சுருதி கூட்டுவது மாதிரிதான் இருந்தது.

ஆனால் பலகை வெறுமனே மேலும் கீழுமாக அதிர்கிறது. வீரன் ஏன் முன்னால் போகிறான்? சின்ன வயதில் வயல் வரப்பில் புல் கதிரைப் பிடுங்கி, மூடிய கைக்குள் வைத்து அமுக்கி அமுக்கி விட்டிருப்பீர்கள். கதிர் தானாக ஊர்ந்து வெளியே வரும். சுணைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் ஒரு பக்கம்தான் நகர முடியும். அதே சங்கதி இங்கேயும். இந்த வீரனைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. பலகை எழும்பும்போது கால் வளைந்து தள்ளுகிறது. பலகை இறங்கும்போது வீரன் ஒரு கணம் எடை இழந்ததுபோல் இருக்க, கால் நிமிர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மயிரிழை தூரம். நொடிக்கு 120 மயிரிழை சேர்ந்தால் ஓட்டம்.

கால்கள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே சாய்வாக இருந்தால் வீரன் நேராகப் போவான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் அப்படி அமைவதில்லை. ஒரு கால் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருந்தால் போதும், வீரன் செக்கு மாடாகச் சுற்றுவான். சில சமயம் பந்தைக் கட்டிக்கொண்டு சொந்த எல்லையை நோக்கியே ஓடுவான். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் இதனாலேயே சில நாளில் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்கள். இந்த ஆட்டத்தின் பிற்பாடான வரலாறு முழுக்க அந்தக் காலை எப்படிச் சொல்பேச்சு கேட்க வைப்பது என்பதுதான்.

கம்பெனிகள் முதலில் பார்த்தது காலை அல்ல, தோற்றத்தை. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் இன்னொரு கம்பெனி, காதம், அமெரிக்காவின் தேசிய லீகான என்.எஃப்.எல். பெயரை வாங்கி, பலகைக்குப் பின்னால் தகரத்தில் பார்வையாளர் மாடமே கட்டிக் கொடுத்தது. டியூடர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். லீ பெய்ன் என்ற தொழில்துறை வடிவமைப்பாளர் வந்தார். முப்பரிமாண வீரர்களைச் செதுக்கினார். ஒருவன் குனிந்து நிற்பான், ஒருவன் கையை நீட்டித் தடுப்பான், ஒருவன் பாய்ந்து ஓடுவான். 1967இல் என்.எஃப்.எல். உரிமமும் டியூடருக்கு வந்தது. ஹாங்காங்கில் வண்ணம் தீட்டி, அந்தந்த அணியின் சட்டை நிறத்தோடு வீரர்கள் வந்தார்கள். பெட்டியில் இரண்டு அணி இருக்கும். வேண்டிய மற்ற அணிகளைத் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். தன் ஊர் அணி தபாலில் வரும் என்று வாசலில் காத்திருந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வடிவமைப்பு என்றால் அலங்காரம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த வீரனின் உடம்பில் உயிர் இருந்ததால்தான், அவன் கால் சரியில்லாதபோதும் பிள்ளைகள் அவனை விடவில்லை.

பந்து எறிவதற்கும் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். மற்றவர்களைவிடப் பெரிய உருவம் ஒன்று: ஓடும், கையால் எறியும், காலால் உதைக்கும். பந்து, சின்னத் துணித் துண்டு. விரலால் சுண்டிவிட வேண்டும். யார் மேலாவது பட்டால் பிடித்ததாகக் கணக்கு. படுவது அபூர்வம்.

கடைசியில் காலுக்கு வந்தார்கள். அடித்தட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சக்கரம் பொருத்தினார்கள். அதைத் திருப்பினால் கால்களின் திசை மாறும்; வீரன் நேராகப் போக, இடப்பக்கம் வளைய, வலப்பக்கம் வளைய முன்கூட்டியே வைத்து நிறுத்தலாம். டோட்டல் டீம் கன்ட்ரோல் என்று பெயர். ஆடுகிறவர்கள் சுருக்கமாக டி.டி.சி. என்பார்கள். என் கணக்கில் சாஸுக்கு அடுத்தபடியாக இந்த ஆட்டத்தில் நடந்த பெரிய காரியம் இந்தச் சக்கரம்தான். அதுவரைக்கும் ஆடுபவன் வேடிக்கை பார்த்தான். சக்கரம் வந்தபிறகு அவன் பயிற்சியாளன் ஆகிவிட்டான். இன்றைக்கும் இதை ஆடுகிறவர்கள் தங்களைக் கோச் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

1977இல் மாட்டெல் கம்பெனி கையடக்க எலெக்ட்ரானிக் ஃபுட்பால் கொண்டுவந்தது. சிவப்புக் கோடுகள் மினுங்கும், பித்தானை அழுத்தினால் நகரும். அப்புறம் வீடியோ கேம். தகரப் பலகையின் காலம் முடிந்தது என்றுதான் கடைக்காரர்கள் நினைத்தார்கள். டியூடர் கைமாறியது. 1990களில் சிகாகோ பக்கத்து மிகிள் டாய்ஸ் அதை எடுத்து நடத்தி, போட்டிகளும் வைத்தது. 2012இல் மறுபடி கைமாறி, டியூடர் என்ற பழைய பெயருக்கே திரும்பி டியூடர் கேம்ஸ் ஆனது. அதே வருஷம் நார்மன் சாஸ் 87 வயதில் காலமானார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்கு நிதானமாகச் சொல்ல நினைத்தேன். கம்பெனிகள் தளர்ந்த காலத்தில் ஆட்டத்தை வளர்த்தவர்கள் ஆடுகிறவர்கள். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் தள்ளிய பெட்டியை, நாற்பது வயதில் இழுத்து வெளியே எடுத்தவர்கள். கையில் நோஸ் பிளையரோடு, அதாவது கூர்மூக்குக் குறடோடு, உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் அடித்தட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, ஒவ்வொரு காலாக வளைத்தார்கள். முன்கால் எவ்வளவு சாய்ந்தால் வேகம், பின்கால் எப்படி நின்றால் பலம் என்று குறித்துவைத்தார்கள். ஓடுகிறவனுக்கு ஒரு மாதிரி, முட்டித் தள்ளுகிறவனுக்கு வேறு மாதிரி. எடையைத் தராசில் போட்டுப் பார்த்தார்கள். கனம் கூடினால் எதிரியைத் தள்ளிவிடலாம் என்று தெரிந்ததும், ஒரு வீரன் 4 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று பல லீகுகள் வரம்பே கட்டின. துணிப் பந்தைச் சுண்டுவதற்குப் பதிலாக, தூரம் குறித்த குச்சியை வைத்து எறிவதைக் கணக்கிடும் முறையைச் சிலர் கொண்டுவந்தார்கள். பலகைகளைப் பெரிதாகச் செய்தார்கள், சட்டை எண்களைத் தூரிகையால் எழுதினார்கள்.

காப்புரிமை இல்லை, சம்பளம் இல்லை. ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்தவருக்குச் சமையலறை மேஜையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பட்டறையில் ஃபிட்டர்கள் இப்படித்தான். அதிர்வுக் கிண்ணத்தில் திருகு சிக்கினால், எங்கே ஒரு தட்டு தட்ட வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இராது. மூத்தவர் தட்டுவார், நாங்கள் பார்ப்போம். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அடித்தட்டைப் பிற்பாடு டியூடர் கேம்ஸ் கொண்டுவந்தது. அது இன்விசிபேஸ். அதை வாங்கியவர்களும் முதல் வேலையாக நோஸ் பிளையரைத்தான் எடுத்தார்கள்.

போன மாதம் நானும் இரண்டு வீரர்களுக்குக் கால் வளைத்தேன். ஒருவன் கால் உடைந்துபோனது. தண்ணீர் போதுமான சூட்டில் இல்லை. இன்னொருவன் இந்த நீலச் சட்டைக்காரன். ஒரு பக்கமே சுற்றிக்கொண்டிருந்தவன், பதினோராவது முயற்சியில் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு போட்டதுபோல் போனான்.

பின்வரிசைப் பிள்ளைகள் கிட்ட வாருங்கள். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், சத்தம் கேட்கட்டும். சிவப்புச் சட்டையை யார் நிறுத்துகிறீர்கள்? வா அம்மா, நீயே வை. சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புகிறாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். தயாரா? சுவிட்சைப் போடுகிறேன்.