திறப்பு ஆருடைய மடியில?

நடுவர் ஐயா அவர்களே, கோயில் வீதி மணலில பாய் விரிச்சிருக்கிற அம்மாமாரே, மதகில ஏறிக் குந்தியிருக்கிற தம்பிமாரே, வணக்கம்.

போருக்குத் தப்பி வாறவையை ஏற்பது நாடுகளின் கடமையா, கருணையா? கருணைதான் எண்டு எதிரணித் தலைவர் பேசிப்போட்டு இருக்கிறார். "வீட்டுத் திறப்பு வீட்டுக்காரன்ர மடியில. விரும்பினாத் திறப்பான், விரும்பாட்டி விடுவான்" எண்டார். நீங்கள் கைதட்டினியள். நானும் தட்டினன், நல்லாச் சொன்னார்தானே.

ஆனா ஐயா, வன்னியில, அக்கராயனில எங்கட வளவுக்குப் படலையே இல்லை. வேலியில ஒரு கடப்பு, அவ்வளவுதான். அதுக்கு எங்க திறப்பு? 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தது. தென்மராட்சியில ஒதுங்கின சனத்தில ஒரு பகுதி, பிறகு கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தது. எங்கட வளவுக்குள்ள மட்டும் பதினொரு குடும்பம். பாலைமரத்துக்குக் கீழ தறப்பாள், மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில தறப்பாள். கிணறு ஒண்டே ஒண்டு.

வெயில் காலத்தில வாளியைப் போட்டாச் சேறுதான் வரும். அம்மம்மா விடிய முதல் கிணத்துக்கட்டில குந்தியிருந்து வாளி எண்ணுவா. கைக்குழந்தை இருக்கிற குடும்பத்துக்கு மூண்டு, மற்றவைக்கு இரண்டு, எங்களுக்குக் கடைசியில மிஞ்சினது. ஒருநாள் கயிறு அறுந்து வாளி உள்ள போட்டுது. அண்டைக்கு அவ பேசின பேச்சை இந்த மேடையில சொல்லேலாது, பக்கத்தில பிள்ளையார் இருக்கிறார். "வந்ததுகள் என்ர கிணத்தையே குடிச்சுப்போட்டுதுகள்" எண்டவ. பின்னேரம் புதுக்கயிறு கட்டினவவும் அவதான்.

வாறவையால சுமை எண்டு எதிரணித் தங்கச்சி சொன்னா. உண்மை தங்கச்சி, எங்கட கிணறே சாட்சி. ஆனா அம்மம்மாவுக்கு இரக்கம் வந்த நாளும் உண்டு, எரிச்சல் வந்த நாளும் உண்டு. இரண்டு நாளும் தண்ணி குடுத்தவ. கருணையை மட்டும் நம்பி இருந்திருந்தா, கயிறு அறுந்த அண்டைக்கே பதினொரு குடும்பமும் றோட்டில!

கடல் தாண்டினவையைப் பாப்பம். 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில இந்தியா கையெழுத்து வைக்கேல்லை. எண்டாலும் 1983க்குப் பிறகு, மன்னாரில வள்ளம் ஏறின எங்கட சனத்தை ஏற்று, தமிழ்நாட்டு மண்டபம் முகாமில வைச்சுச் சோறு போட்டது. அந்தச் சோத்தைக் குறை சொன்னா என்ர நாக்கு அழுகிப்போகும். ஆனா அது கருணை, சட்டம் இல்லை. அந்த முகாமுகளில பிறந்து, அங்கயே படிச்சு, அங்கயே கலியாணம் கட்டின பிள்ளையளில கனபேர் இண்டைக்கும் குடியுரிமை இல்லாமல் இருக்கினம்.

1986இல கனடாவில, நியூபவுண்ட்லாந்துக் கடலில, இரண்டு உயிர்காப்புப் படகில 155 தமிழர் மிதந்தவை. மீன்பிடிக்காரர் கண்டு ஏத்தினவை. வந்த வழியைப் பற்றி எங்கட ஆக்கள் பொய் சொன்னதும் பிறகு வெளிவந்தது. அனுப்பு அனுப்பு எண்டு அங்கயும் சத்தம். அனுப்பேல்லை. கனடா கையெழுத்து வைச்ச நாடு. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஆளைத் திருப்பாதே எண்டு அந்தச் சாசனத்தின்ர 33ஆவது உறுப்புரை சொல்லுது. பொய் சொன்னவனுக்கும் உயிர் ஒண்டுதானே ஐயா.

சின்ன நாடு, வசதி இல்லை எண்டும் ஒரு கதை வந்தது. பங்களாதேஷ் என்ன தங்கச் சுரங்கமோ? அங்க கொக்ஸ் பசாரில மட்டும், மியன்மாரில இருந்து தப்பி வந்த ரோஹிங்யாச் சனம் கிட்டத்தட்டப் பத்து இலட்சம் இருக்குது.

மணி அடிச்சிட்டியள், ஒரு நிமிசம். 2024 டிசம்பரில நூறுக்கு மேற்பட்ட ரோஹிங்யாக்களோட ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. 2009 மே மாதம் போக்கிடம் இல்லாமல் நாங்கள் நிண்ட அதே கரை. எங்கட சனம் சாப்பாடும் தண்ணியும் கொண்டு ஓடினது. இலங்கையும் கையெழுத்து வைக்காத நாடு. அவையைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு முகாமில வைச்சிது அரசாங்கம்.

எதிரணித் தலைவர் அண்ணை, உங்களிட்டத்தான் கேக்கிறன். திறப்பு உங்கட மடியில எண்டா, அந்தப் படகில இருந்த பிள்ளையளுக்குச் சோத்தைக் குடுத்துப்போட்டு, கடலில எந்தப் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டியிருப்பியள்?