நோட்டில் ஒரு முகம், கப்பலில் 25,000 பேர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் சிட்னித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

'அன்று பிரிட்டிஷ் அரசால் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிப் பெண்களுக்குக் கிடைத்தது மறுவாழ்வா, இன்னொரு சிறையா?' இதுதான் தலைப்பு. சிறைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் சட்டைப் பையிலிருந்து இருபது டாலர் நோட்டை எடுத்துக் காட்டினார். "பாருங்கள், மேரி ரீபி! குதிரை திருடிப் பிடிபட்ட பெண், இன்று நோட்டிலேயே இருக்கிறார்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். 13 வயதில் ஆண் வேடத்தில் மாட்டிக்கொண்டு, 1792-ல் இங்கே வந்து இறங்கி, 1811-ல் கணவர் இறந்தபோது ஏழு பிள்ளைகளோடு நின்று, அதற்கப்புறமும் வியாபாரத்தைப் பெருக்கிக் காட்டியவர். தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் அண்ணே, அந்த வியாபாரத்தைத் தொடங்கிய கணவர் கைதி இல்லை, சுதந்திரமாக வந்தவர். அப்புறம், கைதிகளாக இந்தக் கண்டத்துக்கு வந்த பெண்கள் சுமார் 25,000 பேர். ஊரில் ஒருத்தருக்கு லாட்டரி விழுந்தால் அது பணக்கார ஊர் ஆகிவிடுமா?

"ஏழு வருஷத் தண்டனைதானே, முடிந்ததும் ஊருக்குப் போயிருக்கலாமே" என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. டிக்கெட் யார் எடுப்பது? அரசாங்கம் எடுக்காது. ஆண் கைதிக்குத் தண்டனை முடிந்தால், ஊர் திரும்பும் கப்பலில் மாலுமி வேலை பார்த்துக்கொண்டே போய்ச் சேர ஒரு வழி இருந்தது. பெண்ணை எந்தக் கப்பல் மாலுமியாகச் சேர்த்துக்கொண்டது? அவளுக்குத் தாளில் ஏழு வருஷம், நிஜத்தில் ஆயுள்.

சரி, இங்கே எப்படி இருந்தாள்? நம்மில் பாதிப் பேர் பரமட்டா பக்கம்தான் குடியிருக்கிறோம். வடக்குப் பரமட்டாவில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு பழைய கல்கட்டடத் தொகுதி நிற்கிறது. 1821-ல் திறந்த பெண்கள் தொழிற்சாலை. கட்டச் சொன்னவர் கவர்னர் மக்குவாரி, வரைபடம் போட்ட ஃபிரான்சிஸ் கிரீன்வே தானே ஒரு கைதியாக வந்தவர். பெயர்தான் தொழிற்சாலை. அதே மதிலுக்குள் கம்பளி நூற்கும் ஆலை, பிரசவ ஆஸ்பத்திரி, சிறை எல்லாம். பெண்களை மூன்று வகுப்பாகப் பிரித்து வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு, குற்ற வகுப்பு. தலைமுடியை ஒட்ட வெட்டுவது அங்கே ஒரு தண்டனை.

கல்யாணமும் அங்கேயேதான். பெண் வேண்டும் என்கிற ஆண் அனுமதிச் சீட்டோடு வருவான், பெண்களை வரிசையாக நிறுத்துவார்கள், அவன் பார்த்துத் தேர்ந்தெடுப்பான். நம் ஊரில் பெண் பார்க்க வந்தால் ஒரு சொஜ்ஜி பஜ்ஜியாவது உண்டு. பிடிக்கவில்லை என்றால் பெண்ணும் மறுக்கலாமே என்பார் அண்ணன். மறுக்கலாம். மறுத்தால் திரும்பிப் போக வேண்டிய இடம் அதே தொழிற்சாலை.

1827 அக்டோபரில் அங்கே ரொட்டியையும் சர்க்கரையையும் குறைத்தார்கள். பெண்கள் வாசற்கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்து, கிடைத்த ரொட்டியையும் இறைச்சியையும் அள்ளினார்கள். அடக்குவதற்குப் பட்டாளம் வர வேண்டியிருந்தது. மறுவாழ்வு கிடைத்தவர்கள் ரொட்டிக்காகக் கதவை உடைப்பார்களா, நடுவர் அவர்களே?

தாஸ்மானியா, அன்றைய வான் டீமன்ஸ் லேண்ட், இன்னும் மோசம். ஹோபார்ட்டில் சாராயம் காய்ச்சின பழைய ஆலை ஒன்றை வாங்கி 1828-ல் கேஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்சாலை ஆக்கினார்கள். வெயில் எட்டிப் பார்க்காத ஈரப் பள்ளத்தாக்கு. கைதிப் பெண்ணை ஒரு குடியேறியின் வீட்டுக்கு வேலைக்காரியாக ஒதுக்குவார்கள். அங்கே அவள் கர்ப்பமானால் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பெற்று, பால் மறக்கடித்ததும் தாய் குற்ற வகுப்புக்கு, பிள்ளை அநாதைப் பள்ளிக்கு. தாய் உயிரோடு இருக்கும்போதே அநாதை! அந்த மதிலுக்குள் செத்துப்போன கைக்குழந்தைகள் ஏராளம்.

இதற்கு மேல் அவப்பெயர் வேறு. 1806-ல் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் காலனிப் பெண்கள் 1,430 பேருக்கு ஒரு பதிவேடு போட்டார். மணமானவர்கள் 395, வைப்பாட்டிகள் 1,035. எப்படி இந்தக் கணக்கு? இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தால்தான் அவருக்குக் கல்யாணம். கத்தோலிக்க முறையில் தாலி... மன்னிக்கவும், மோதிரம் மாற்றியவளும், யூத முறையில் மணந்தவளும் வைப்பாட்டிப் பட்டியலில். பிள்ளை குட்டிகளோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்தியவளை ஒரு பேனா மட்டமாக்கிவிட்டது.

எதிரணி எஸ்தர் ஏபிரகாம்ஸையும் சொன்னது. லேஸ் துணி திருடியதற்கு ஏழு வருஷம், கைதிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் தொகுதியில் வருகை, ராணுவ அதிகாரி ஜார்ஜ் ஜான்ஸ்டனோடு வாழ்க்கை, அன்னன்டேல் பண்ணைக்கு எஜமானி. கதையை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன். 1788-லிருந்து தெரிந்தவரை 1814-ல்தான் ஜான்ஸ்டன் முறைப்படி மணந்தார். அவர் இறந்த பிறகு, 1829-ல், சொந்த மகனே சொத்துக்காக நீதிமன்றம் போய், அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று தீர்ப்பு வாங்கினார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். லண்டன் இவர்களைக் கொஞ்சிக்கொண்டிருக்கவில்லை. மேரி வேட் என்ற 11 வயதுச் சிறுமி, இன்னொரு குழந்தையின் உடுப்பைப் பறித்ததற்காகத் தூக்குத் தண்டனை வாங்கினாள். அது குறைக்கப்பட்டு, 1790-ல் லேடி ஜூலியானா கப்பலில் வந்து, 1859 வரை வாழ்ந்து, பேரன் பேத்தி என்று பெரும் கூட்டத்தையே விட்டுப் போனாள். தூக்குக்கயிற்றை விட இது மேல்தான். தூக்கோடு ஒப்பிட்டால் எதுதான் மேல் இல்லை? 'முன்னோடிப் பெண்கள்' என்று எதிரணி சொல்லும்போதும் எனக்கு நெருடுகிறது. இந்த ஆற்றங்கரையில் தாருக் பழங்குடிப் பெண்கள் அதற்கு முன்பே இருந்தார்கள், அவர்களுக்கு யாரும் முன்னோடியாக வர வேண்டியிருக்கவில்லை.

கரோலின் சிஷோமையும் அவர்கள் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். நம் சென்னையில் படைவீரர்களின் மகள்களுக்குப் பள்ளி நடத்திவிட்டு 1838-ல் சிட்னிக்கு வந்த அம்மா. ஆனால் அவர் 1841-ல் விடுதி திறந்தது சுதந்திரமாக வந்து தெருவில் நின்ற பெண்களுக்கு. கைதியாக வராதவளுக்கே அந்தக் கதி!

கடைசியாக மேரி பிரையன்ட், இவளும் கைதியாக வந்தவள்தான். 1791 மார்ச்சில் கணவனையும், சின்ன மகளையும், ஒரு வயது மகனையும், இன்னும் ஏழு ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, மேலே கூரைகூட இல்லாத படகில் சிட்னியிலிருந்து ஓடினாள். 69 நாள் கடலில் கிடந்து தீமோர் தீவை அடைந்தாள். அங்கே பிடிபட்டார்கள். மகனும் கணவனும் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார்கள், மகள் இங்கிலாந்து போகும் கப்பலில். மேரி நியூகேட் சிறையில் இருந்து, 1793-ல் மன்னிப்புப் பெற்றுத் தனியாக வெளியே வந்தாள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அண்ணன் அந்த நோட்டை உள்ளே வைத்துக்கொள்ளலாம். வணக்கம்.